எழுநூறு நாள்

கணினியில் ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளி ஒன்று வைத்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அழியாது. இருந்த இடத்தில்தான் இருக்கும். தெரிந்தவன் கேட்டால் எழுந்து வரும், தெரியாதவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தீனதயாளன் இதைக் கல்லூரி இரண்டாம் வருஷத்தில் கற்றுக்கொண்டான். அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது தியாகதுருகத்து மலைக்கோட்டையை மேகம் முழுசாக மூடியிருந்தது. யாரோ கோட்டையின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு ஸ்டாப் போய்விட்டான்.

அவன் எப்போதும் அப்படித்தான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். தியாகதுருகத்தை அடுத்த சிற்றூரில் ஓடைக்கரைக் குத்தகை நிலத்தில் பாடுபடும் சுப்புராயனின் மகன். அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன். கறுப்பு அங்கியும் குல்லாயுமாக அவன் நிற்கிற போட்டோவைச் சுப்புராயன் சாமி படங்களுக்குச் சரிசமமாக மாட்டி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு முழம் பூ உண்டு. "எறக்கிடுப்பா, செத்தவனுக்குப் போட்ட மாதிரி கீது" என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டான். அவர் கேட்கிற மாதிரி இல்லை.

இப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் ஷேக் மைதீன் பாய் ஹார்டுவேர் கடைக்கு மாடியில் ஓர் அறை. பாயின் மகன் நவுஷாத்தும் தீனதயாளனும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. நவுஷாத் கடைகளுக்கு வலைப்பக்கம் செய்து தருவான், பிரிண்டர் பழுது பார்ப்பான். அறையின் வாடகையும் டீயும் அவன் புண்ணியத்தில் நடந்தன. தீனதயாளனும் அந்த வேலைகளில் கைகொடுப்பான். ஆனால் அவன் மனசு கிடந்தது வேறொன்றில். அதற்கு அவன் வைத்த பெயர் 'மழை'.

அது படம், பொத்தான் எதுவும் இல்லாத நிரல். கறுப்புத் திரையில் மழை என்று அடித்து, பக்கத்தில் ஊர்ப் பெயரை அடித்தால், ஒரே வரியில் பதில் வரும். 'மேலே அறுபத்திரண்டு மில்லிமீட்டர். ஓடையில் தண்ணீர் வர எட்டரை மணி நேரம்.' அவ்வளவுதான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்க, கல்வராயன் மலையில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டது. ஓடைக்குள் இறக்கி வைத்திருந்த சுப்புராயனின் ஆயில் இன்ஜினை மதியம் வந்த செந்தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. மூன்று நாள் கழித்து, அரை மைல் தள்ளி, மணலுக்கு வெளியே புகைக்குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தோண்டி எடுத்துக் கழுவும்போது சுப்புராயன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மேல பேஞ்சத யாராச்சும் சொல்லியிருந்தா..."

அந்த யாராச்சும் மணிமொழிதான். தீனதயாளனோடு பத்தாவது வரை ஒன்றாகப் படித்த அதே தெருப் பெண். பி.காம். முடித்து, வெள்ளிமலைக்கு மேலே ஒரு மலையூர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். அவன் கொண்டுபோய்க் கொடுத்த மழைமானியைச் சமையற்கூடத்துக்குப் பின்னால் நட்டுவைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளவு பார்ப்பாள். நோட்டில் எழுதிக்கொண்டு மடிக்கணினியிலும் அடித்து அனுப்புவாள். கீழே ஓடைக்கரைக்காரர்கள், தண்ணீர் வந்து சேர்ந்ததும் தீனதயாளனுக்கு போன் போடுவார்கள். "வந்துட்ச்சிப்பா, முழங்கால் அளவு." அவன் மணியைப் பார்த்து அப்படியே நிரலில் ஏற்றிவிடுவான். மூன்று மழைக்காலம் இப்படிப் போனது. எவ்வளவு பெய்தால், எந்த நேரத்தில் பெய்தால், மண் எவ்வளவு ஈரமாக இருந்தால், தண்ணீர் எப்போது வரும் என்று ஒரு நீளமான அட்டவணை தானாக வளர்ந்தது. இப்போது ஓடைக்கரையில் நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு அவன் செய்தி போகிறது. செய்தி வந்தால் இன்ஜினைக் கரையேற்றுவார்கள். வராவிட்டால் ஓடைக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். மலையை அண்ணாந்து பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிற்று.

போன வருஷம் ஒருமுறை கணக்குத் தப்பி, வராத தண்ணீருக்குச் செய்தி போய்விட்டது. நாற்பத்திரண்டு குடும்பமும் இன்ஜினைத் தூக்கிவிட்டு இரண்டு நாள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் நின்றது. அவன் ஊருக்குள் போனபோது டீக்கடையில் பூமாலை என்கிற குத்தகைக்காரர், "வாப்பா வருண பகவானே, இன்னிக்கி மழையா, லீவா?" என்று கேட்டார். அதிலிருந்து அவன் அட்டவணையைக் கேட்காமல் வாய் திறப்பதில்லை.

மழை இல்லாத நாட்களில் அவனுக்கு வேறொரு வேலை உண்டு. வீடு பெருக்குவது. கணினிக்குள் அவன் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதற்குள் வருகிற ஒவ்வொரு நிரலும், விருந்துக்கு வந்தவன் செருப்பை நடுக்கூடத்தில் கழற்றிப் போடுவதுபோல, புள்ளி வைத்த கோப்பு ஒன்றைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகும். ஒரு நாள் எண்ணினான்: அறுபத்து மூன்று. ஒவ்வொன்றையும் தட்டி எடுத்து அதனதன் அறையில் வைப்பது அவனுக்குப் பகல் கனவு மாதிரி சுகமான காரியம். நிரல் இப்படி இப்படி நடக்க வேண்டும் என்று மனுஷன் எழுதி வைக்கிற அமைப்புகள் எல்லாம் புள்ளி வைத்த 'டாட் கான்ஃபிக்' என்கிற அறைக்கு. நிரல் வெளியே போய் வாங்கி வந்து, அடுத்தமுறை அலைய வேண்டாமே என்று கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிற சரக்கெல்லாம் 'டாட் கேச்' என்கிற அறைக்கு.

"ரெண்டுக்கும் இன்னாடா வித்தியாசம்?" என்று நவுஷாத் ஒருமுறை கேட்டான்.

"கான்ஃபிக்குன்றது விதைநெல்லு மாதிரி. கை வைக்கக் கூடாது. கேச்சுன்றது வைக்கோலு. எரிஞ்சிபோனாலும் அடுத்த அறுப்புல வந்துடும்."

"எங்க வாப்பாவுக்குப் புரியறா மாதிரி சொல்லு."

"கான்ஃபிக்கு உங்க வாப்பா பேச்சு. கேச்சு கடைல கீற ஆணி. ஆணி தீந்தா விழுப்புரத்துலர்ந்து எறக்கிக்கலாம்."

"எங்க வாப்பா பேச்சும் விழுப்புரம் வரைக்கும் கேக்கும்டா" என்றான் நவுஷாத்.

ஆயுத பூசை அன்று காலை மாடி அறையைக் கழுவிவிட்டார்கள். நவுஷாத் மேசையைத் துடைத்து, தூசியை ஊதி, கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினான். பல்லி முட்டை ஓடும் மிக்சர் துணுக்குகளும் விழுந்தன. "பூசை உன்னுது, பொரி கடலை என்னுது. அதுதான் ஒப்பந்தம்" என்று பொரி மூட்டையை இப்போதே மடியில் வைத்துக்கொண்டான். தீனதயாளன் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். பிறகுதான் அந்த யோசனை வந்தது.

"வெளிய மட்டும் தொடைச்சா போதுமா? உள்ள எவ்ளோ குப்ப கீது."

திரையைத் திறந்து பார்த்தான். டாட் கேச் அறையில் மட்டும் பதினோரு ஜிபி. வருஷக்கணக்காக எந்தெந்த நிரலோ வாங்கி அடுக்கிய சரக்கு.

"எல்லாத்தையுமா?" என்றான் நவுஷாத், வாயில் பொரியோடு.

"எல்லாமே திரும்ப வரும்டா. கேச்சு."

ஒரே வரியில் அடித்தான். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு வெறும் கோடு கண் சிமிட்டியது. கழுவிவிட்ட தரையைப் போல அந்த அறை காலியாக இருந்தது. அவனுக்கு நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. கணினியை அணைத்து, சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்தார்கள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. இருவரும் பொரியைத் தின்றுகொண்டு, ரோட்டில் போகிற வண்டிகளின் வாழைக்கன்றுகளை வேடிக்கை பார்த்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சுப்புராயன் கூப்பிட்டார்.

"தீனா, மல பக்கம் கருத்துக்கினு கீதுப்பா. இங்க ஒண்ணும் காணோம். மெசேஜு எப்ப வரும்?"

"பூசைல வச்சிட்டம்பா மிஷின."

"மழைக்கு ஏதுப்பா பூச? நாத்துக்குத் தண்ணி எறச்சிக்கினு கீறோம், நாப்பது இன்ஜினும் ஓடைக்குள்ளதான் கீது. நீ சொன்னாதான் தூக்குவோம்னு உக்காந்துக்கினு கீறானுங்க."

தீனதயாளன் குங்குமம் கலையாமல் கணினியைத் திறந்தான். மழை என்று அடித்தான். ஊர்ப் பெயரை அடித்தான்.

'எனக்குத் தெரியவில்லை' என்று பதில் வந்தது.

அவன் எழுதிய பதில்தான் அது. அட்டவணை இல்லாதபோது சொல்வதற்காக மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது. அதை இதுவரை அவன் தன் திரையில் பார்த்ததே இல்லை. மலையிலிருந்து அளவு வராத நாளிலும், அட்டவணையின் பழைய கணக்கை வைத்து ஒரு தோராயமாவது வந்துவிடும்.

மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. ஆரம்பத்தில் மழை அளவுகளை வெளியே ஒரு வலைத்தளத்திலிருந்து வாங்கித்தான் 'மழை' ஓடியது. வாங்கி வந்த சரக்கு என்பதால் கேச் அறையில் வைத்தான். சரிதான். அப்புறம் அந்தத் தளம் நின்றுபோனது. மணிமொழியின் அளவுகள் வந்தன. ஓடைக்கரைக்காரர்களின் போன்கள் வந்தன. அட்டவணை வளர்ந்தது. எல்லாமே அதே அறையில், அதே கோப்பில். இடம் மாற்ற வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தான். நினைத்ததோடு சரி. வைக்கோல் போருக்குள் விதைநெல்லை வைத்துவிட்டு, ஊரெல்லாம் வைக்கோல் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறான்.

"காப்பி எடுத்து வச்சிருப்ப இல்ல?" என்றான் நவுஷாத். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"காப்பி எடுக்கற நிரலுக்கு, டாட் கேச்ச மட்டும் உட்டுடுன்னு நான்தாண்டா எழுதி வச்சேன். குப்பைய எதுக்குக் காப்பி எடுக்கறதுன்னு."

"மணிமொழி நோட்டு கீது இல்ல?"

"மழ அளவு கீது. தண்ணி வந்த நேரம்? அது எனக்கு போன்ல சொன்னது. மூணு வருசத்துக்கு எந்த நாளு எத்தினி மணின்னு யாரு நெனப்புல வச்சிருப்பா?"

கீழே ஷேக் மைதீன் பாய் கடை ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கும்போதுதான் தீனதயாளனுக்கு இன்னொன்று தோன்றியது. மலையில் டவர் அடிக்கடி போகும். அதனால் மணிமொழியின் மடிக்கணினியிலும் 'மழை' அட்டவணையின் ஒரு படியை வாங்கி வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். சந்தைக்குக் கீழே இறங்குகிற மலைக்காரப் பெண்கள் கடுக்காய் மூட்டையோடு வந்து, "தரப்பாலத்துல தண்ணி இருக்குமா டீச்சர்?" என்று அவளைக் கேட்பார்கள். சிக்னல் இல்லாத நாளிலும் அவள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் படி அங்கே இருக்கும். அங்கேயும் அது கேச்தான்.

"அப்ப போன போட்டு அனுப்பச் சொல்லு!" நவுஷாத் துள்ளி எழுந்தான்.

"டவர் செத்து ஆறு நாளாச்சி. போன வெள்ளிக்கிழமதான் கடைசியா அளவு வந்தது."

சொல்லும்போதே அவன் விரல் மடக்க ஆரம்பித்தது. வெள்ளி, சனி, ஞாயிறு. மடக்கி முடித்ததும் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தான். போன வருஷம் மலையில் ஒருமுறை பழைய படியை வைத்துத் தப்பான பதில் வந்துவிட்டது என்று, அவன்தான் கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்திருந்தான்: ஏழு நாளுக்கு மேல் பழையதானால், நிரல் தொடங்கும்போதே அழித்துவிடு. நாளைக் காலை ஏழு நாள் தாண்டிவிடும். பூசையில் வைத்த மடிக்கணினியை விஜயதசமியன்று மணிமொழி எடுத்து, எட்டரைக்கு அளவை அடிக்க 'மழை'யைத் திறப்பாள். திறந்த கணத்தில் அங்கேயும் அறை காலியாகும்.

"அப்ப இன்னிக்கி தொறக்காம கீதே, அதுவே சாமி புண்ணியம்" என்றான் நவுஷாத். "கெளம்பு. பைக்க எடுக்கறேன்."

"மழைல, இருட்டுல, அந்த மலப் பாதைலயா? வோணாம். காலைல அஞ்சுக்கு மொத பஸ்ஸு. எட்டரைக்குள்ள போயிடலாம்."

அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டபோது நடந்ததை அவன் சொல்லவில்லை. தூக்கச் சொல்லலாம். தூக்கி, தண்ணீர் வராமல் போனால் அடுத்த செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள். தூக்க வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "காலைல சொல்றம்பா" என்று மட்டும் சொன்னான்.

விடியற்காலை பஸ்ஸில் ஏழு பேர்தான் இருந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை கனத்தது. கோமுகி அணையின் கரை, தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு பென்சில் கோடாகத் தெரிந்து மறைந்தது. ஏற ஆரம்பித்ததும் கண்ணாடிக்கு வெளியே வெண்மையைத் தவிர ஒன்றும் இல்லை. மரம் இருக்கிறது என்பது கிளை பஸ்ஸை உரசும்போதுதான் தெரிந்தது. அவன் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது.

தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத அந்த நேரத்தில் மலை ஒரு பெரிய வீடாகத் தெரிந்தது. அதில் எல்லாப் பெயருக்கும் முன்னால் புள்ளி. புள்ளி ஊர், புள்ளி பள்ளிக்கூடம், புள்ளி மரவள்ளிக் காடு. அறை அறையாகத் தட்டிக்கொண்டு போனான். ஓர் அறையில் அப்பாவின் இன்ஜின் மணலில் புதைந்து புகைக்குழாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்னோர் அறையில் நாற்பத்திரண்டு பேர் தோளில் துண்டோடு உட்கார்ந்து மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். 'எனக்குத் தெரியவில்லை' என்று வந்தது. கடைசி அறை காலி. அதன் நடுவில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளிமல, வெள்ளிமல! எறங்குறவங்க எறங்கு!"

மணி ஏழே முக்கால். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர். ஜீப் எதுவும் இல்லை. குடையைக் காற்று பிடுங்கியதும் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான், கொஞ்ச நேரத்தில் ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு போனது. பனிமூட்டத்துக்குள் மாடுகளின் மணிச் சத்தம் மட்டும் அவனைக் கடந்து போனது. ஓடிக்கொண்டே அவன் வேண்டிக்கொண்டது வேடிக்கையாக இருந்தது: மடிக்கணினிக்குச் சார்ஜ் இருக்கக் கூடாது. கரண்ட் வரக் கூடாது. மணிமொழி தூங்கிப்போயிருக்க வேண்டும்.

எட்டு இருபதுக்குச் சமையற்கூடத்துக் கதவைத் தள்ளினான்.

லீவு நாள் ஆனதால் அடுப்பு எரியவில்லை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் நோட்டு, கரண்டி, எடை போடும் தராசு, எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு சதுர இடம் மட்டும் காலியாக இருந்தது. மணிமொழி ஜன்னலோரம் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மடிக்கணினி திறந்திருந்தது. கறுப்புத் திரை.

"இன்னாடா இது, சேத்துல பொரண்ட எரும மாதிரி வந்து நிக்கிற? ஒரு கால்ல செருப்பக் காணோம்?"

"தொறந்துட்டியா?"

"இன்னாத்த?"

"மழைய. மழைய தொறந்துட்டியா?"

"ஏழரைக்கே அளவு பாத்துட்டு தொறந்துட்டேன். நல்ல நேரம் பாத்து எடுக்க வோணாமா? விஜயதசமி." அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா ஆச்சி? வூட்டுல ஏதாச்சும்...?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். ஒரே வரியில் எல்லாவற்றையும் அழித்த கதையைச் சொன்னான். வைக்கோல், விதைநெல், ஏழு நாள், நாற்பத்திரண்டு இன்ஜின். சொல்லி முடித்தபோது பல் கிடுகிடுத்தது. குளிரா, அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

மணிமொழி எழுந்து வந்தாள். மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் இருந்தது:

'மேலே தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். ஓடையில் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்கு.'

அவன் அதை மூன்று முறை படித்தான்.

"இது எப்படி... ஏழு நாள் தாண்டிட்ச்சே. அழிச்சிருக்கணுமே."

"உன்னுது அழிக்கும். என்னுது அழிக்காது."

"இன்னா பண்ண?"

"போன தையில டவர் இல்லாம இது ஊமையாப் போச்சி. சந்தைக்குப் போற பொம்பளைங்க வந்து நிக்கிறாங்க, எனக்குத் தெரியலைன்னு சொல்லுது. பழசு இருந்தாலாச்சும் இவ்ளோ அவ்ளோன்னு சொல்லலாம். உனக்குச் சொன்னேன். 'பாக்கறேன் மணி'ன்னு சொன்ன. பாத்தியா?"

"இல்ல."

"நீ பாக்கமாட்டன்னு எனக்குத் தெரியும். பத்தாவதுல எங்கிட்ட வாங்கன ஜியாமெட்ரி பாக்ஸ இன்னும் குடுக்கல. அதான் நானே பாத்துக்கினேன்."

அவன் கான்ஃபிக் கோப்பைத் திறந்தான். அவன் எழுதியதுதான். மேலே முதல் வரியில், மூன்று வருஷத்துக்கு முன் பட்டதாரிக் கர்வத்தோடு, ஒரு சம்பிரதாயத்துக்காக எழுதிவைத்த குறிப்பு: 'இந்தக் கோப்பு உங்களுடையது. உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.' எல்லா நிரலிலும் எல்லாரும் எழுதுகிற வாசகம். யாரும் படிப்பதில்லை. படித்தாலும் கை வைக்கப் பயப்படுவார்கள். அதற்குக் கீழே, பழையதை அழிக்கும் நாள் என்கிற இடத்தில், ஏழு இல்லை. ஏழுக்குப் பின்னால் இரண்டு பூஜ்ஜியம் சேர்ந்திருந்தது. பக்கத்திலேயே, அவன் குறிப்பு எழுதுகிற அதே முறையில், நிரல் படிக்காமல் தாண்டிப் போவதற்கான # என்ற கட்டக் குறியை முன்னால் போட்டு, அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்:

'டவர் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் இது இருக்கட்டும். மணி.'

"எழுநூறா?" என்றான்.

"எழுபதுதான் போடலாம்னு பாத்தேன். இந்த ஊரு டவர நம்பி எழுபது பத்தாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கொஞ்சம் விலகி மழைமானியின் கழுத்து மட்டும் தெரிந்தது.

"இதுல உம் பேர ஏன் எழுதுன?"

"யாரு மாத்தனதுன்னு தெரிய வோணாமா? நாளைக்கி வேற யாராச்சும் வந்து தொறந்தா?" அவள் நோட்டை எடுத்து இலைமேல் இருந்த தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். "சரி, கருப்பட்டிக் காப்பி குடிக்கிறியா, இல்ல கெளம்புறியா? ரெண்டு மணிக்குத் தண்ணி."

மணி எட்டு ஐம்பது. இங்கே போன் வேலை செய்யாது. பென்டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டான், ஒன்றுக்கு இரண்டு முறை. அவள் ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டாள். "பொம்பள செருப்பு. வெக்கப்படாம போட்டுக்கினு போ. எறங்கறப்ப மூணாவது வளைவுல ஒரு பாறை வரும், அங்க சிக்னல் கெடைக்கும். ரொம்ப நேரம் நிக்காது. வண்டிய மெதுவா விடச் சொல்லு."

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வேனில் இடம் கிடைத்தது. டிரைவரிடம் சொன்னான். மூன்றாவது வளைவில் அவர் வண்டியை நிறுத்தியே விட்டார். பனிக்குள் பாறை, ஈர யானை மாதிரி நின்றது. போனில் ஒரு கோடு, இரண்டு கோடு. அவன் நாற்பத்திரண்டு பேருக்கும் செய்தியைத் தட்டினான். அப்பாவுக்கு மட்டும் போனே போட்டான்.

"மதியம் ரெண்டு மணிக்குப்பா. நெறைய வரும். தூக்கிடுங்க."

"இன்னாடா இவ்ளோ லேட்டு? எப்பவும் முன்னாடியே வந்துடும்." பின்னால் சலசலப்பு, யாரோ கத்தினார்கள். "தோ, பூமால கேக்கறான், வருண பகவான் நேத்து பொரி தின்னுட்டுத் தூங்கிட்டாரான்னு."

"ஆமாம்பா. தூங்கிட்டேன்னு சொல்லு."

கிழங்கு வேன் இறங்கியது. பனி மேலேயே நின்றுபோய், சமவெளி முழுசும் ஈரப் பச்சையாக விரிந்தது. இடுப்புக்குக் கீழே உடல் முழுக்கச் சேறு. ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் மணிமொழியின் நீலச் செருப்பு. சட்டைப் பையில் இருந்த பென்டிரைவை அவன் நெடுநேரம் வெளியிலிருந்தே தொட்டுக்கொண்டு வந்தான், விதைநெல் முடிச்சைத் தொடுவதுபோல.

மாடி அறைக்கு வந்ததும் முதல் காரியமாகப் புதிதாக ஓர் அறையைத் திறந்து, அட்டவணையை அதில் வைத்தான். கேச்சும் இல்லாத, கான்ஃபிக்கும் இல்லாத அறை. இழந்தால் திரும்பாத சரக்குக்கென்று கணினியில் எப்போதுமே இருந்து, அவன் மட்டும் எட்டிப் பார்க்காத அறை. காப்பி எடுக்கும் நிரலுக்கு அந்த இடத்தின் பெயரை எழுதினான். நவுஷாத் மிச்சப் பொரியை நீட்டினான்.

"அந்த எழுநூற மறுபடியும் ஏழாக்கப் போறியா?"

தீனதயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தன் கான்ஃபிக் கோப்பைத் திறந்தான். முதல் வரியைத் தன் கையெழுத்தாக இல்லாமல், வேறு யாரோ தனக்கு எழுதியதுபோல் ஒருமுறை மெதுவாகப் படித்தான். பிறகு ஏழுக்குப் பின்னால் இரண்டு பூஜ்ஜியம் சேர்த்து, பக்கத்தில் தன் பெயரை எழுதினான்.

ரோட்டில் மழை இறங்க ஆரம்பித்திருந்தது. மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"வந்துட்ச்சிப்பா" என்றார் சுப்புராயன். "இடுப்பு அளவு. நேரம் எழுதிக்கோ."

அவன் மணியைப் பார்த்தான். எழுதிக்கொண்டான்.